ரெண்டு ஊருக்கு நடுவுல வான்வழி தூரம், ரோடு தூரம் ரெண்டையும் சரியா கண்டுபிடிக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

ரெண்டு சிட்டிக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு நெட்ல தேடினா சைட்டுக்கு ஒரு நம்பர் வரும். உதாரணத்துக்கு பாரிஸ்–ரோம் எடுத்துக்கோங்க, ஒரு சைட் 1105 கி.மீ.ங்கும், இன்னொண்ணு 1100ங்கும், மேப் ஆப்ப தொறந்தா 1420 பக்கம் காட்டும், இதுல எதுப்பா சரின்னு கேட்டா எல்லாமே சரிதான். முதல் நம்பர் ஊர் நடுவுலேர்ந்து ஊர் நடுவுக்கு நேர்கோடு, ரெண்டாவது ஏர்போர்ட்லேர்ந்து ஏர்போர்ட்டுக்கு, மூணாவது கார்ல போனா. கேள்வியே மூணு வேற வேற கேள்வி, அத யாரும் பிரிச்சு சொல்றதில்ல, அதான் குழப்பம். இந்த கைடுல பாரிஸ்–ரோம் ஜோடியையே கடைசி வரைக்கும் வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஸ்டெப்பா போட்டு பாப்போம், நடுநடுல வேற ஊர்களும் வரும். பேப்பர், கால்குலேட்டர், ஒரு மேப் ஆப், இவ்ளோ இருந்தா போதும்.

ஸ்டெப் 1: எதுக்கு வேணும்னு முடிவு பண்ணுங்க

இத தாண்டி குதிச்சு நேரா கணக்குக்கு போறவங்கதான் அப்புறம் தப்பு நம்பர வச்சுக்கிட்டு சண்டை போடுவாங்க. தேவைய பொறுத்து எடுக்க வேண்டிய தூரம் மாறும்:

- ஃப்ளைட் லேட் ஆனதுக்கு நஷ்ட ஈடு, கார்பன் கணக்கு, சில ஏர்லைன்ஸோட மைல்ஸ் பாயிண்ட், இதுக்கெல்லாம் ஏர்போர்ட்–டு–ஏர்போர்ட் நேர் தூரம்.
- பெட்ரோல் செலவு, வாடகை வண்டி, லாரி சரக்கு கூலி, ஆபீஸ்ல பயணப்படி, இதுக்கெல்லாம் ரோடு தூரம், அதுவும் கதவுலேர்ந்து கதவுக்கு.
- சும்மா எது பக்கம் எது தூரம்னு ஒரு ஐடியா வேணும்னா ஊர் நடு–டு–ஊர் நடு நேர்கோடு போதும்.

ஐரோப்பிய யூனியனோட 2004ஆம் வருஷத்து 261ஆம் நம்பர் விதியையே பாருங்க, அதுல நஷ்ட ஈட்டை 1500 கி.மீ., 3500 கி.மீ.ன்னு தூரத்த வச்சுதான் தட்டு தட்டா பிரிச்சிருக்காங்க, அந்த தூரத்தை எப்படி அளக்கணும்னும் அந்த விதியிலயே இருக்கு, பெருவட்ட முறையில, அதாவது பூமி உருண்டை மேல ரொம்ப குட்டையான வழியா அளக்கணும்னு. ப்ளைன் சுத்தி போச்சா, நடுவுல வேற ஊர்ல இறங்கி மாறினீங்களா, அதெல்லாம் அந்த அளவுக்குள்ள வராது. 1480க்கும் 1520க்கும் நடுவுல காசு மாறும் பாருங்க, அதனால எந்த தூரம்ங்கிற கேள்வி வெட்டிப்பேச்சு கிடையாது.

ஸ்டெப் 2: எந்த புள்ளிலேர்ந்து எந்த புள்ளிக்கு

சிட்டிங்கிறது ஒரு புள்ளி இல்லையே, பெரிய ஊரா இருந்தா இந்த கோடிலேர்ந்து அந்த கோடிக்கே 50 கி.மீ. இருக்கும். அதனாலதான் பழைய காலத்துலேர்ந்தே அளக்குறதுக்குன்னு ஒரு புள்ளி வச்சிருக்காங்க. ரோம்ல கி.மு. 20ல அகஸ்டஸ் ஒரு தங்க மைல்கல் நட்டு வச்சாரு, இன்னைக்கு பாரிஸ்ல நோத்ர தாம் சர்ச்சுக்கு முன்னாடி தரையில பதிச்ச ஒரு தகடு இருக்கு, லண்டனுக்கு சேரிங் கிராஸ், மேட்ரிட்டுக்கு புவெர்த்தா டெல் சோல். ரோட்டோரம் போர்டுல ஒரு ஊருக்கு இத்தனை கி.மீ.ன்னு போட்டிருந்தா அது பொதுவா அந்த ஊரோட நடு புள்ளி வரைக்கும்தான், ஊர் எல்லை வரைக்கும் இல்ல. போர்டுல 12 இருக்கு, ஆனா அதுக்குள்ள வீடு கடையெல்லாம் வந்துருச்சேன்னு முழிக்க வேண்டியதில்ல.

ஏர்போர்ட் விஷயத்துல இன்னும் உஷாரா இருக்கணும். டோக்கியோக்குன்னு டிக்கெட் போட்டு நரிதால இறங்கினா ஊருக்குள்ள வர 60 கி.மீ.க்கு மேல இருக்கு. பாரிஸ் பேரையும் சேர்த்து வச்சிருக்கிற போவே ஏர்போர்ட் பாரிஸ்லேர்ந்து 80 கி.மீ.க்கும் மேல. ஃபிராங்க்ஃபர்ட் ஹான் இன்னும் மோசம், ஃபிராங்க்ஃபர்ட்லேர்ந்து 100 கி.மீ. தாண்டி எங்கயோ இருக்கு. விலை கம்மியா இருக்கேன்னு இந்த மாதிரி ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டீங்கன்னா அந்த ரோடு தூரத்தையும் சேர்த்துதான் கணக்கு போடணும்.

அப்புறம் ஊர் பேர் குழப்பம். லண்டன் கனடாலயும் இருக்கு, பாரிஸ் டெக்சாஸ்லயும் இருக்கு, சான் ஹோசே கோஸ்டாரிக்கால ஒண்ணு கலிஃபோர்னியால ஒண்ணு. ஆஸ்திரேலியா சிட்னின்னு நெனச்சு டிக்கெட் போட்டு கனடால இருக்கிற சிட்னில போய் இறங்கினவங்க நெஜமாவே இருக்காங்க, நியூஸ்லயே வந்துச்சு. அதனால ஏர்போர்ட்டோட மூணெழுத்து கோடை பாத்து உறுதி பண்ணிக்கோங்க, ஊர் பேரை மட்டும் நம்பாதீங்க.

ஸ்டெப் 3: கோஆர்டினேட் எடுக்கிறது

கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்ஸ் தொறந்து வேணுங்கிற இடத்துல ரைட் கிளிக் பண்ணா மேலயே ரெண்டு நம்பர் வரும், அத கிளிக் பண்ணா காப்பி ஆயிடும். முதல் நம்பர் அட்சரேகை, ரெண்டாவது தீர்க்கரேகை. போன்ல அந்த இடத்த அழுத்தி பிடிச்சா பின் விழும், அதுல பாத்துக்கலாம்.

நம்ம ஜோடிக்கு எடுத்தா:

பாரிஸ்: 48.8566, 2.3522
ரோம்: 41.9028, 12.4964

இங்க வழக்கமா மாட்டிக்கிற இடம் மூணு. பூமத்திய ரேகைக்கு தெக்க இருந்தா அட்சரேகைக்கு மைனஸ், கிரீன்விச்சுக்கு மேக்க இருந்தா தீர்க்கரேகைக்கு மைனஸ், இத விட்டுட்டா நியூயார்க் போய் மத்திய ஆசியால உக்காந்துக்கும். ரெண்டாவது, டிகிரி–நிமிஷம்–செகண்டுல இருக்கிறத அப்படியே தசமமா எழுதிடுறது, 48 டிகிரி 51 நிமிஷம்னா 48.51 கிடையாது, 51ஐ 60ஆல வகுத்து 48.85. மூணாவது, சில சாஃப்ட்வேர், முக்கியமா மேப் டேட்டா சேமிக்கிற ஜியோஜேசான் ஃபைல் வாங்குறது எல்லாம், தீர்க்கரேகைய முதல்ல கேக்கும், நாம அட்சரேகைய முதல்ல குடுத்தா ரெண்டும் தலைகீழா ஆகி ஊர் வேற கண்டத்துக்கு போயிடும். மேப்ல புள்ளி வச்சு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா இந்த மூணும் அங்கயே மாட்டிரும்.

ஸ்டெப் 4: வான்வழி தூரம், முதல்ல மனக்கணக்கு

சயின்டிஃபிக் கால்குலேட்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி சுமாரா ஒரு விடை கையில இருக்கட்டும், பின்னாடி பெரிய தப்பு வந்தா உடனே தெரியும். அட்சரேகை ஒரு டிகிரிக்கு சுமார் 111 கி.மீ., இது எங்க இருந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். தீர்க்கரேகை அப்படி இல்ல, பூமத்திய ரேகைல 111, துருவத்த நோக்கி போக போக சுருங்கி சுருங்கி துருவத்துல சைபர் ஆயிடும், அதனால அத அட்சரேகையோட காஸ் மதிப்பால பெருக்கணும்.

பாரிஸ்–ரோம்க்கு அட்சரேகை வித்தியாசம் 6.95 டிகிரி, அத 111.2ஆல பெருக்கினா 773 கி.மீ. தெக்க. தீர்க்கரேகை வித்தியாசம் 10.14 டிகிரி, 111.2ஆல பெருக்கி, ரெண்டு ஊருக்கும் நடு அட்சரேகையான 45.38 டிகிரியோட காஸ் அதாவது 0.702ஆல பெருக்கினா 792 கி.மீ. கெழக்க. ஸ்கூல்ல படிச்ச பித்தாகரஸ் இப்பதான் வேலைக்கு ஆகுது, ரெண்டையும் வர்க்கப்படுத்தி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 1107 கி.மீ. நெஜ விடை 1105, ரெண்டே கிலோமீட்டர்தான் தள்ளி இருக்கு. சில நூறு கிலோமீட்டர்லேர்ந்து ஆயிரம் சொச்சம் வரைக்கும் இந்த மனக்கணக்கு தாராளமா போதும், அதுக்கு மேல போனா பூமி உருண்டைங்கிறது தொல்லை குடுக்க ஆரம்பிக்கும், துருவத்து பக்கம் போனா சீக்கிரமாவே குடுக்கும்.

ஸ்டெப் 5: ஹேவர்சைன், சரியான கணக்கு

உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கிற ரொம்ப குட்டையான வழிக்கு பேர் பெருவட்டம். ஒரு குளோப் கைல கிடைச்சா ரெண்டு ஊர் மேலயும் நூல வச்சு இழுத்து பிடிங்க, நூல் எந்த பக்கமா போய் நிக்குதோ அதுதான் அந்த வழி. தட்டையான மேப்ல ஸ்கேல் வச்சு கோடு போட்டா அந்த வழி வராது. நியூயார்க்கும் மேட்ரிட்டும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகைல இருக்கு, 40.7 டிகிரி ஒண்ணு, 40.4 டிகிரி ஒண்ணு, மேப்ல பாத்தா நேரா கெழக்க போனா போதும்னு தோணும், அப்படி போனா சுமார் 5940 கி.மீ., ஆனா பெருவட்டத்துல வடக்க 46 டிகிரி வரைக்கும் ஏறி இறங்கினா 5768 கி.மீ.தான். வளைஞ்சு போற மாதிரி தெரியுற வழி 170 கி.மீ. மிச்சம் பண்ணுது. லண்டன்லேர்ந்து லாஸ் ஏஞ்சலஸ் போற ப்ளைன் ஏன் கிரீன்லாந்து பக்கம் சுத்துதுன்னு சீட்டு முன்னாடி இருக்கிற ஸ்கிரீனை பாத்து கேக்கிறவங்களுக்கு இதுதான் பதில், அது சுத்தவே இல்ல, மேப்புதான் வடக்க இருக்கிறத இழுத்து பெருசாக்கி காட்டுது.

அந்த பெருவட்ட தூரத்தை கண்டுபிடிக்கிற ஃபார்முலாதான் ஹேவர்சைன், கணக்கு வரிசையா இப்படி போகும்:

1. அட்சரேகை வித்தியாசத்துல பாதி எடுத்து அதோட சைன் போட்டு வர்க்கப்படுத்துங்க. பாதி 3.4769 டிகிரி, சைன் 0.060646, வர்க்கம் 0.003678.
2. தீர்க்கரேகை வித்தியாசத்துல பாதிக்கும் அதே வேலை. 5.0721 டிகிரி, சைன் 0.088409, வர்க்கம் 0.007816.
3. ரெண்டு ஊரோட அட்சரேகைக்கும் காஸ் எடுத்து பெருக்குங்க. 0.65795 பெருக்கல் 0.74428, விடை 0.48970.
4. மூணாவது விடைய ரெண்டாவதோட பெருக்கி முதல் விடையோட கூட்டுங்க. 0.003828 கூட்டல் 0.003678, மொத்தம் 0.007506.
5. வர்க்கமூலம் 0.086634. அதுக்கு தலைகீழ் சைன், ரேடியன்ல, 0.086743. ரெண்டால பெருக்கினா 0.173486.
6. பூமியோட சராசரி ஆரம் 6371 கி.மீ.யால பெருக்கினா 1105 கி.மீ.

நிறைய ஊருக்கு போடணும்னா எக்செல்ல ஒரு தடவை ஃபார்முலா எழுதி இழுத்து விட்டுடலாம், ஆனா எக்செல்ல சைன், காஸ் எல்லாம் ரேடியன்லதான் வேலை செய்யும், டிகிரிய ரேடியனா மாத்துற ஃபங்ஷனை முதல்ல போட மறந்தா வர்ற நம்பர் பாக்க நம்பர் மாதிரியே இருக்கும், அதான் ஆபத்து. இன்னொண்ணு, சிலர் அஞ்சாவது வரில தலைகீழ் சைனுக்கு பதிலா ஏடேன்2 (ATAN2) ஃபங்ஷன் போடுவாங்க, புரோகிராமிங் மொழிகள்ல அதுக்கு ஒய் முதல்ல எக்ஸ் அப்புறம், எக்செல்ல எக்ஸ் முதல்ல. எங்கயோ இருக்கிற கோட பாத்து எக்செல்ல அப்படியே எழுதினா மாட்டிப்பீங்க, தலைகீழ் சைனே போட்டுட்டு போங்க, நிம்மதி.

பூமி சரியான உருண்டை இல்ல, பூமத்திய ரேகைல ஆரம் 6378 கி.மீ., துருவத்துல 6357 கி.மீ., அதனால ஹேவர்சைன் விடை அதிகபட்சமா அரை சதவீதம் வரைக்கும் தள்ளி இருக்கலாம். அது பத்தாது இன்னும் துல்லியம் வேணும்னா 1975ல வந்த வின்சென்டி முறை இருக்கு, பூமிய நீள்வட்ட உருண்டையா வச்சு மில்லிமீட்டர் கணக்குல விடை குடுக்கும், ஆனா ரெண்டு புள்ளியும் பூமியோட நேரெதிர் பக்கத்துல இருந்தா சில சமயம் விடைக்கே வராம சுத்திக்கிட்டே இருக்கும். அதுக்கும் தீர்வா 2013ல கார்னி முறை வந்துருச்சு, இப்ப நிறைய சாஃப்ட்வேர் லைப்ரரி உள்ள அதத்தான் ஓட்டுது. டிராவல் பிளான் போட இதெல்லாம் தேவையே இல்ல, நஷ்ட ஈடு மாதிரி எல்லைக்கோட்டுல நிக்கிற கேஸுக்கு மட்டும் பாருங்க.

கணக்கே வேணாம்பான்னா மேப்ஸ்ல ரைட் கிளிக் பண்ணி தூரத்தை அளக்குற ஆப்ஷனை எடுத்து ரெண்டு இடத்தையும் தொட்டா இதே பெருவட்ட தூரம் வந்துரும். யூனிட்ட மட்டும் பாத்துக்கோங்க, தரை மைல் 1.609 கி.மீ., கடல் மைல் 1.852 கி.மீ., ப்ளைன்காரங்க பேசுறது கடல் மைல், சாதாரண ஜனங்க பேசுறது தரை மைல், ரெண்டுக்கும் 15 சதவீதம் வித்தியாசம்.

ஸ்டெப் 6: ப்ளைன் நெஜமா பறக்குற தூரம்

நேர் தூரம்தான் ப்ளைன் போற தூரம்னு எழுதி வச்சிருக்கிற சைட்டு ஏராளம், அது தப்பு. ரன்வே எந்த பக்கம் பாத்திருக்கோ அந்த பக்கம்தான் ஏற முடியும், ஏறினதும் குறிச்சு வச்ச பாதைல திரும்பணும், நடுவுல வழிப்புள்ளிகள் வழியா போகணும், இறங்கும்போது கூட்டம் இருந்தா ஊர் மேலயே சுத்தணும், புயல் இருந்தா விலகணும். இதுக்காக ஐசிஏஓங்கிற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு தன்னோட கார்பன் கணக்குல ஒரு எளிமையான திருத்தம் வச்சிருக்கு: நேர் தூரம் 550 கி.மீ.க்கு கீழன்னா 50 கி.மீ. சேர்த்துக்கோ, 550லேர்ந்து 5500 வரைக்கும் 100 கி.மீ., அதுக்கு மேல 125 கி.மீ. பாரிஸ்–ரோம் ஏர்போர்ட் தூரம் சுமார் 1100, அதோட 100 சேர்த்தா 1200. எனக்கு தெரிஞ்சு ஒரு சாதாரண ஆளுக்கு இத விட நல்ல குறுக்குவழி கிடையாது.

ஆனா வான்வெளி மூடியிருந்தா இந்த திருத்தம் எல்லாம் தூள். ஹெல்சிங்கி–டோக்கியோ நேர் தூரம் சுமார் 7800 கி.மீ., ரஷ்யா மேல பறந்த வரைக்கும் ஒன்பது மணி நேர சொச்சத்துல போயிட்டு இருந்தாங்க, 2022ல ரஷ்ய வான்வெளி மூடினதும் வட துருவம் வழியாவோ தெக்க சுத்தியோ போக வேண்டி வந்து சுமார் 13 மணி நேரம் ஆச்சு. ஊரும் நகரல, ஏர்போர்ட்டும் நகரல, நேர் தூரம் அதேதான், பறக்குற தூரம் மட்டும் ஆயிரக்கணக்குல ஏறிடுச்சு. அதனால ஒரு குறிப்பிட்ட ரூட்டுக்கு உண்மையான பாதை வேணும்னா ஃப்ளைட்ரேடார்24 மாதிரி டிராக்கிங் சைட்ல அந்த ஃப்ளைட் சமீபத்துல எப்படி போச்சுன்னு பாத்துடுங்க.

ஸ்டெப் 7: பறக்குற நேரம்

ஜெட் ப்ளைன் உயரத்துல மணிக்கு 850–900 கி.மீ. போகும், ஆனா ஏற இறங்க மெதுவாத்தான் போகும், தரையில ஊர்ந்து போற நேரமும் இருக்கு. நேர் தூரத்தை 800ஆல வகுத்து அரை மணி நேரம் கூட்டுங்க, அவ்ளோதான். 1100ஐ 800ஆல வகுத்தா 1.4 மணி, அரை மணி கூட்டினா 1.9, அதாவது ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. ஏர்லைன்ஸ் அட்டவணைல ரெண்டு மணி நேரத்துக்கு சொச்சமா போட்டிருப்பாங்க, லேட்டுன்னு பேர் வாங்காம இருக்க கொஞ்சம் தாராளமாவே எழுதுறது அவங்க வழக்கம்.

போறதுக்கும் வர்றதுக்கும் நேரம் ஒண்ணா இருக்காது, மேலடுக்குல மேக்கேர்ந்து கெழக்க வீசுற ஜெட் ஸ்ட்ரீம் காத்துதான் காரணம். நியூயார்க்லேர்ந்து லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குள்ள வந்துடலாம், திரும்பி போக எட்டு பக்கம் ஆகும். 2020 பிப்ரவரில ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் ப்ளைன் கியாரா புயலோட காத்த பிடிச்சு அந்த 5500 சொச்சம் கி.மீ.ய 4 மணி 56 நிமிஷத்துல முடிச்சிருச்சு. டிக்கெட்ல இருக்கிற புறப்படுற நேரம், சேர்ற நேரம் ரெண்டும் அந்தந்த ஊர் நேரம்ங்கிறதையும் மறக்காதீங்க, ரெண்டையும் யூடிசிங்கிற உலகப் பொது நேரத்துக்கு மாத்திட்டு கழிச்சாத்தான் நெஜமான பயண நேரம் வரும்.

ஸ்டெப் 8: ரோடு தூரம்

வான்வழி தூரத்துக்கு ஒரு ஃபார்முலா இருக்கு, ரோடுக்கு ஃபார்முலாவே கிடையாது, மலை, ஆறு, எல்லை, எவனோ எப்பவோ போட்ட ரோடு, எல்லாத்தையும் பொறுத்தது. மேப் ஆப் பண்றது என்னன்னா ஒவ்வொரு சந்திப்பையும் புள்ளியாவும் ஒவ்வொரு ரோட்டு துண்டையும் கோடாவும் வச்சுக்கிட்டு, 1959ல டைக்ஸ்ட்ரா வெளியிட்ட அல்காரிதமோட வாரிசுகளை ஓட்டி, செலவு கம்மியான வழிய தேடுது. செலவுன்னு அது எடுத்துக்கிறது பெரும்பாலும் நேரத்தை, தூரத்தை இல்ல. அதனால முதல்ல காட்டுற வழி வேகமான வழி, குட்டையான வழியா இருக்கணும்னு அவசியமே இல்ல. கூலி கணக்கு போட குட்டையான வழி வேணும்னா மாற்று வழிகளையும் தட்டி பாருங்க, ஆனா அதுல ஊருக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு போற ரோடா இருந்தா 30 கி.மீ. மிச்சம் பண்ணி ரெண்டு மணி நேரம் விடுவீங்க.

பண்ண வேண்டியது: ஊர் பேர் போடாம ஸ்டெப் 3ல எடுத்த புள்ளியவே போடுங்க. சுங்க ரோடு வேணுமா வேணாமா, ஃபெர்ரி வேணுமா வேணாமான்னு ஆப்ஷன்ல முடிவு பண்ணுங்க. ஃபெர்ரிய விட்டு வச்சா அந்த தண்ணி தூரமும் மொத்த கி.மீ.ல சேர்ந்துரும், பெட்ரோல் கணக்கு போடும்போது அத கழிக்கணும். லாரின்னா கார் ரூட்ட நம்பவே கூடாது, பாலத்து உயரம், எடை கட்டுப்பாடு எல்லாம் பாக்குற லாரி ரூட்டிங் தனியா இருக்கு, ஓபன்ரூட்சர்வீஸ்ல கனரக வண்டின்னு தேர்ந்தெடுத்தா வரும். போற வழியும் வர்ற வழியும் தனித்தனியா போடுங்க, ஒருவழிப் பாதையால ரெண்டும் கொஞ்சம் மாறும்.

பாரிஸ்–ரோம்க்கு இப்படி போட்டா சுமார் 1420 கி.மீ. வரும். நேர் தூரத்தால வகுத்தா 1.29, இதுக்கு பேர் சுற்று விகிதம். நல்ல ரோடு இருக்கிற சமவெளில 1.2 பக்கம் இருக்கும், மலை, கடற்கரைன்னா 1.4 அதுக்கு மேலயும் போகும், ஒண்ணுமே தெரியலைன்னா 1.3 வச்சு சுமாரா சொல்லலாம். இங்க நடுவுல ஆல்ப்ஸ் மலை நிக்குது, 1965ல தொறந்த 11.6 கி.மீ. மோன் பிளாங் சுரங்கம்தான் இந்த விகிதத்த காப்பாத்துது. அந்த சுரங்கத்த 2024 செப்டம்பர் ஆரம்பத்துலேர்ந்து டிசம்பர் நடு வரைக்கும் பராமரிப்புக்கு மூடியிருந்தாங்க, அப்ப போனவங்க ஃப்ரெஜஸ் சுரங்கம் மாதிரி வேற வழி பாத்துதான் போக வேண்டியிருந்துச்சு. ஆக ரோடு தூரத்துக்கு தேதியும் சேர்த்து குறிச்சு வைக்கணும்.

நூறு இருநூறு ஜோடிக்கு ரோடு தூரம் வேணும்னா ஒவ்வொண்ணா ஆப்ல தட்டிக்கிட்டு இருக்காதீங்க, ஓஎஸ்ஆர்எம்னு ஒரு இலவச ரூட்டிங் எஞ்சின் இருக்கு, ஓபன்ஸ்ட்ரீட்மேப் டேட்டாவ வச்சு ஓடுறது, புள்ளிங்கள மொத்தமா குடுத்தா ஒரே அட்டவணையா குடுத்துரும்.

ரோடே இல்லைன்னா?

இத தனியா சொல்லணும், ஏன்னா சில சைட்டுங்க நேர் தூரத்தை 1.2, 1.3ஆல பெருக்கி அதையே ரோடு தூரம்னு போட்டு வச்சிருக்கும், ரோடு இருக்கா இல்லையான்னே பாக்காது. பனாமா சிட்டிக்கும் பொகோட்டாவுக்கும் ஒரே நிலத்தொடர்ச்சி, ஆனா நடுவுல டேரியன் காட்டுல சுமார் 100 கி.மீ.க்கு ரோடே போடல, வடக்க அலாஸ்காலேர்ந்து தெக்க அர்ஜென்டினா வரைக்கும் போற பான் அமெரிக்கன் ஹைவே அங்க மட்டும் அறுந்து நிக்குது. பெருவுல இக்கிட்டோஸ் லட்சக்கணக்குல ஜனம் இருக்கிற ஊரு, நாட்டோட மத்த ஊருங்களோட சேர்க்குற ரோடு கிடையாது, ப்ளைன் இல்லைன்னா படகு. அலாஸ்காவோட தலைநகரம் ஜூனோவும் அதே கதைதான். பிரசாவிலும் கின்ஷாசாவும் காங்கோ ஆத்துக்கு இந்தக்கரை அந்தக்கரை, ரெண்டும் ரெண்டு நாட்டு தலைநகரம், எதிர்க்கரை கண்ணுக்கு தெரியும், நடுவுல பாலம் இல்ல.

ரோடு இருந்தும் சுத்துறதும் உண்டு. புவனஸ் ஐரஸ்–மான்டிவிடியோ நேர் தூரம் சுமார் 205 கி.மீ., ஆனா நடுவுல ரியோ டி லா பிளாட்டா ஆத்தோட அகலமான முகத்துவாரம், ஃபெர்ரி வேணாம்னு கார்லயே போனா வடக்க பாலம் இருக்கிற இடம் வரைக்கும் ஏறி இறங்கி ரெண்டரை மடங்குக்கு மேல ஓட்டணும்.

ஸ்டெப் 9: ரோட்டுல ஆகுற நேரம்

ஆப் காட்டுற நேரத்துல டீ குடிக்கிற நேரம், கால் நீட்டுற நேரம் எதுவும் கிடையாது. 1420 கி.மீ.க்கு 14 மணி நேரம் பக்கம் காட்டுதுன்னா ஒரே ஆளு ஓட்டி ஒரே நாள்ல போறது புத்திசாலித்தனம் இல்ல. ஐரோப்பால லாரி, பஸ் டிரைவருங்களுக்கு நாலரை மணி நேரம் ஓட்டினா 45 நிமிஷம் ஓய்வு, ஒரு நாளைக்கு பொதுவா ஒன்பது மணி நேரம்தான்னு சட்டமே இருக்கு, தொழில்முறை டிரைவருக்கே அப்படின்னா நமக்கு எப்படி இருக்கணும். அந்த கணக்குல போட்டா இது ரெண்டு நாள் பயணம், ராத்திரி தங்குறதும் சேர்த்து. கெளம்புற நாள், நேரத்தை ஆப்ல போட்டு பாத்தா டிராஃபிக்க சேர்த்து ஒரு வீச்சு காட்டும், அதுல பெரிய நம்பரையே எடுத்துக்கோங்க.

ஸ்டெப் 10: ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்குறது

கதவுலேர்ந்து கதவுக்குன்னு வச்சாத்தான் ஒப்பிட முடியும். ப்ளைன் பக்கம்: வீட்டுலேர்ந்து ஏர்போர்ட் ஒரு மணி, முன்கூட்டியே போய் நிக்க ரெண்டு மணி, பறக்க ரெண்டு மணி, இறங்கி பெட்டி எடுத்து வெளிய வர அரை மணி, ஊருக்குள்ள போக ஒரு மணி, மொத்தம் ஆறரை. இதுல பறக்குற ரெண்டு மணிய தவிர மத்த நாலரை மணி நேரம் பக்கத்து ஊருக்கு போனாலும் அதேதான், அதுதான் விஷயமே. ரோடுல சராசரியா மணிக்கு 80 கி.மீ. போனா அந்த நாலரை மணி நேரத்துல 360 கி.மீ. தாண்டிருப்பீங்க. அதனால ரோடு தூரம் 400 கி.மீ.க்குள்ளன்னா பெரும்பாலும் ரோடுதான் ஜெயிக்கும், 400லேர்ந்து 600 வரைக்கும் இழுபறி, ஏர்போர்ட் எவ்ளோ பக்கம், எத்தனை பேர் சேர்ந்து போறீங்கங்கிறத பொறுத்து மாறும், 600 தாண்டினா நேரத்துல ப்ளைன அடிக்க முடியாது. காசுன்னு வந்தா நாலு பேர் ஒரு கார்ல போறதும் நாலு டிக்கெட் போடுறதும் ஒண்ணா, அந்த கோடு இன்னும் தள்ளி போகும்.

விடை வந்ததும் ஒரு செக்

ரோடு தூரம் நேர் தூரத்த விட கம்மியா வந்தா ரெண்டுல ஒரு புள்ளி தப்பு, இல்ல ஒண்ணு மைல்ல இருக்கு ஒண்ணு கி.மீ.ல இருக்கு. விகிதம் சரியா 1.6 பக்கம் நின்னாலும் யூனிட்ட ஒரு தடவை பாருங்க. விகிதம் 2க்கு மேல போனா மேப்ப தொறந்து நடுவுல தண்ணியோ மலையோ மூடின எல்லையோ இருக்கான்னு பாருங்க, ஒண்ணுமே இல்லைன்னா ஆப்ல ஏதோ ஆப்ஷன் மாறி கெடக்கு. நேர் தூரம் 20,015 கி.மீ.க்கு மேல வரவே முடியாது, அது பூமியோட சுத்தளவுல பாதி, அதுக்கு மேல வந்தா ரேடியன எங்கயோ விட்டிருக்கீங்க, ஸ்டெப் 5லேர்ந்து திரும்ப பாருங்க.